கீழ்த்தாடை, இடப்பக்கம்

அன்று புர்னோவில் குளிர் மைனஸ் பதினொன்று.
காரில் விட்டுவர முடியாதென்று
பெட்டியையும் உள்ளே கொண்டுவந்தார் ஒதகர் விர்பீக்.
காத்திருப்பு அறையில் அதற்கொரு நாற்காலி,
பக்கத்தில் அவருக்கொன்று.
ஞானப்பல் வலியோடு
நின்றுகொண்டிருந்தார் திருமதி நெஸ்வத்போவா.

ஆறாம் பல். வேர்வரை பிளந்திருந்தது.
அதற்கு நேர் கீழே, கழுத்தில்,
காசளவு கன்றிய ஒரு தழும்பு.
யாரோ கடித்ததென்று
கண்ணாலேயே சிரித்தாள் என் உதவியாளர் பிளாஷெனா.
"முப்பத்தெட்டு வருஷமாகக் கடிக்கிறது" என்றார்
வாயில் பஞ்சோடு.

எடுத்துவிட வேண்டும் என்றேன்.
எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை.
வலிக்குமா என்றும் கேட்கவில்லை.
"சத்தம் மாறுமா?"

ஐந்து வருஷப் படிப்பில்
எந்தத் தேர்விலும் வராத கேள்வி.

நீங்கள் கேட்பது காற்றில் வருகிற வயலின், டாக்டர்.
எனக்கு அது எலும்பில் வருகிறது.
மோவாய்க்கட்டை, தாடை, பல், பிறகுதான் காது.
அரங்கில் உட்கார்ந்து என்னை நான்
ஒருநாளும் கேட்டதில்லை.
ஒலிப்பதிவில் வாசிக்கிறவன் வேறு யாரோ,
என்னைவிடச் சற்று மெலிந்தவன்.

வயலின் அவருடையதும் அல்ல.
ஒரு வங்கியின் சொத்து.
ஜூனில் திருப்பித் தர வேண்டும்.
அடுத்து யாருக்கென்று முடிவாகிவிட்டது,
ஓலோமவுட்ஸ் பெண் ஒருத்தி.
"அவள் தாடை எப்படியோ."

தட்டில் கிடந்த என் சின்னக் கண்ணாடியைப் பார்த்ததும்
எழுந்து உட்கார்ந்துவிட்டார்.
வயலின் பழுது பார்ப்பவரிடமும் இதே கண்ணாடிதானாம்,
இதே நீளக் காம்பு.
பெட்டி திறந்தது.
நெளிந்த துளை வழியாக, மூச்சடக்கி,
விளிம்பில் படாமல் நுழைத்தேன்.

குடியிராத வீட்டின் பரண்.
ஒட்டுப்போட்ட விரிசல் இரண்டு,
பென்சிலில் யாரோ குறித்த ஒரு தேதி,
எலிக்குஞ்சு போலச் சுருண்ட தூசி.
நடுவே, பசையில்லாமல், ஆணியில்லாமல்,
இரண்டு பலகையின் இறுக்கத்தில் மட்டுமே
நிற்கிற ஒரு குச்சி.
சுண்டுவிரல் நீளம், பென்சிலைவிட மெலிசு.
செக் மொழியில் அதன் பேர் ஆன்மா.

பல்லுக்குள் இருக்கும் கூழுக்கும்
மரத்தண்டின் நடுச்சோற்றுக்கும்கூட
எங்களிடம் ஒரே சொல்தான்.
இருபது வருஷமாக நோயாளிகளிடம் சொல்லிவந்தும்
அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

"சொத்தை இல்லை" என்றேன்.
சிரித்தார், சிரித்ததில் வலித்தது.

சுருள்தலையில் பஞ்சுத்துணியைச் சுற்றி
என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
கடியுங்கள்.
நாற்பத்தாறு வயதில், வெள்ளை அங்கியில்,
பிளாஷெனா பார்த்துக்கொண்டிருக்க,
ஒரு வங்கியின் சொத்தைக் கடித்தேன்.

வில் இறங்கியது.
ஒரே தந்தி, விரல் வைக்காமல்.

காதுக்கு வரவில்லை அது.
தாடையில் ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய்
விளக்கேற்றாமல் உட்கார்ந்தது.
என் பழைய வெள்ளி அடைப்பு ஒன்று
தனியாகச் சிணுங்கியது.
நெஸ்வத்போவாவின் இருமல் எங்கோ
பக்கத்து ஊரில் கேட்டது.
வில்லை எடுத்த பிறகும்
நான் வாயை விடவில்லை.

பிறகு பல்லை எடுத்தேன்.
இரண்டு வேர், ஒன்று கொக்கியாய்.
கழுவிக் கொடுத்ததை
ரோஸின் வைக்கும் குழியில் போட்டு
மூடிக்கொண்டு போனார்.

மார்ச்சில் சீட்டு வந்தது. பதினான்காம் வரிசை.
சத்தம் மாறியதா?
எனக்கெப்படித் தெரியும்.
நன்றாக இருந்தது என்றார்கள் எல்லோரும்,
இருந்தது,
அடுத்த வீட்டில் யாரோ
நல்ல செய்தி பேசிக்கொள்வதுபோல.
மெதுவாகக் குனிந்து
முன்னிருக்கையின் மரச்சாய்வில்
தாடையை வைத்துப் பார்த்தேன்.
ஏதோ கொஞ்சம் வந்தது.
வெளியே போன டிராமாகவும் இருக்கலாம்.